அடைபட்ட இடியன் துவக்கைச் சுட்டுத் திறக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

பெரும்போக நெல் வேளாண்மை கதிர் பொதியும் குடலைப் பருவத்தை நெருங்கும்போது எங்கள் பக்கத்து வட்டைகளில் இராக்காவலும் கூடிவிடும். மட்டக்களப்பில் வவுணதீவு, கிரான், வெல்லாவெளிப் பக்கத்து வயல்களிலும், அம்பாறை மாவட்டத்தில் திருக்கோவில், பொத்துவில் ஆகியவற்றுக்கு மேற்கே காட்டை ஒட்டிய காணிகளிலும், பன்றிக்கும் யானைக்கும் விழித்திருக்கும் பரண்களில் டோர்ச் லைட்டுக்கும் யானை வெடிக்கும் பக்கத்தில், குழல் வாயால் மருந்தை இடித்து நிரப்பும் இடியன் துவக்கொன்றும் சாத்தப்பட்டிருப்பது புதினமல்ல. அப்படியான துவக்கொன்று கையிலேயே வெடித்து விவசாயி காயமடைந்தார் என்ற செய்தி நாலைந்து வரிகளில் வந்து மறைவதைப் பல ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். துவக்கு ஏன் வெடித்தது என்பதை அச்செய்திகள் சொல்வதில்லை. குழலுக்குள் ஏதோ சிக்கிக்கொண்ட துவக்கை, சிக்கியதை வெளியேற்றும் எண்ணத்தோடே சுடுவது அதற்கான முக்கிய காரணங்களில் ஒன்றாகும். சுடாமலே அதை வெளியே எடுக்கப் பழையதும் பொறுமை வேண்டுவதுமான வழியொன்று உண்டு என்பதையும், அவ்வழியை ஒரு விவசாயி பயமின்றி நாடுவதற்கு இரு மாவட்டங்களிலும் ஒழுங்கான ஏற்பாடு தேவை என்பதையும் எடுத்துச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

நான் பாடசாலையில் உலோகவேலை படிப்பித்து ஓய்வுபெற்றவன். வயற்காரக் குடும்பத்தில் பிறந்தவன். 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் பெற்று, அதை ஆண்டுதோறும் புதுப்பித்துத் துவக்கு வைத்திருப்பவர்களை மனதிற் கொண்டே இக்கடிதத்தின் பெரும்பகுதியை எழுதுகிறேன். அனுமதியற்ற துவக்குகளைப் பற்றியும் பின்னர் சொல்ல வேண்டியிருக்கிறது. அவற்றை ஒதுக்கிவிட்டு இவ்விடயத்தைப் பேசி முடிக்க முடியாது.

இடியன் துவக்குக்குப் பின்பக்கத்தால் திறக்கும் வாய் இல்லை. வெடிமருந்து, அதை இறுக்கும் தக்கை, சிறு ஈயக்குண்டுகளான சன்னம், மேல்தக்கை என்று எல்லாமே குழல் வாயினூடாகவே உள்ளே போகின்றன. உள்ளே போனது வெளியே வருவதற்கும் அந்த ஒரே வழிதான். பன்னிரண்டு போர் தோட்டாத் துவக்கு வைத்திருப்பவர் முறித்துத் திறந்து தோட்டாவை எடுத்துவிட்டுக் குழலுக்குள் வெளிச்சம் பார்க்கலாம். இடியன்காரருக்கு அந்த வசதி இல்லை என்பதால், அவருடைய துவக்கில் மருந்து இருக்கிறதா, இருந்தால் அதற்கு மேலே என்ன இருக்கிறது என்பது பெரும்பாலும் ஞாபகத்தில் தங்கியிருக்கும் விடயமாகிவிடுகிறது. தகப்பன் மருந்து இட்டு வைத்த துவக்கை மகன் எடுத்துச் செல்லும்போது அந்த ஞாபகமும் அறுந்துவிடுகிறது.

குழல் அடைபடுவதற்குக் காரணங்கள் பல. மாரி மழையில் மருந்து ஈரமாகி, சுத்தியல்போன்ற குதிரை அடித்தும், நெருப்பூட்டும் சிறு மூடியான கேப் மட்டும் வெடித்து உள்ளிருக்கும் மருந்து பற்றாமல் நின்றுவிடலாம். பல தடவை சுட்டும் துடைக்காத குழலில் படிந்த கரி, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பின் இறுகி, தும்பையோ துணியையோ கொண்டு அடைத்த தக்கையைப் பாதிவழியில் பிடித்துக்கொள்ளலாம். துடைக்கப் போன துணி கம்பி முனையிலிருந்து கழன்று உள்ளேயே தங்கலாம். மருந்தை இடித்து இறுக்கும் மரத்தாலான இடிகம்பி முறிந்து நின்றுவிடலாம். வரம்பில் ஊன்றி எழும்பும்போது குழல் வாயில் களி அடைத்துக்கொள்ளலாம். அறுவடைக்குப் பின் மாதக்கணக்கில் மூலையில் கிடந்த துவக்கில் குளவி மண்கூடு கட்டியிருப்பதையும் கண்டிருக்கிறேன். இவற்றுள் எதுவாயினும் அதன் பின்னால் மருந்து இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லை என்பதை நிரூபிக்கும் வரைக்கும் அது மருந்து நிறைந்த துவக்குத்தான்.

அடைப்பைச் சுட்டுத் தள்ளுவது ஏன் ஆபத்து என்பதைச் சற்று விளக்க வேண்டும். ஏனென்றால் எங்கள் ஊர்களில் பெரியவர்கள்கூட, "கொஞ்சம் மருந்து போட்டு ஒரு வெடி வைத்தால் வந்துவிடும்" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். தக்கையும் சன்னமும் மருந்தின் மேல் நன்றாக அமர்ந்திருந்தால், மருந்து எரியத் தொடங்கிய கணத்திலேயே அவையும் நகரத் தொடங்கி, பெருகும் புகைக்கு இடம் விட்டுக்கொண்டே வெளியேறும். நடுவில் வெற்றிடம் இருக்குமானால், எரிந்த மருந்தின் புகை அந்த இடைவெளியில் வேகமெடுத்து ஓடிவந்து, அசையாமல் நிற்கும் அடைப்பில் மோதுகிறது. அந்த மோதலின் அழுத்தம் அடைப்பு நிற்கும் இடத்தில் குழற் சுவரைத் தாக்குகிறது. பழைய குழல்கள் சிலவற்றில் மோதிரம் போட்டாற்போல் ஓரிடம் மட்டும் புடைத்திருப்பதைக் கையால் தடவிப் பார்த்து அறியலாம். அத்துவக்கு ஏதோ ஒரு நாளில் இப்படிச் சுடப்பட்டு, உடையாமல் தப்பிய துவக்கு. துரு அரித்ததோ, ஒட்டுள்ளதோ ஆன குழல் புடைப்பதோடு நிற்காமல் கிழியும். இடது கை பிடித்திருப்பது பெரும்பாலும் அந்த இடத்தைத்தான். சிறிது மருந்து போட்டால் ஆபத்துக் குறைவு என்ற நினைப்பும் சரியல்ல. மேல் அடைப்பினூடாக மருந்தை உள்ளே செலுத்த முடியாது. அடைப்புக்கு மேலே போட்டால் கேப்பை மாட்டும் துளையுள்ள முளையான நிப்பிளின் நெருப்பு அதை எட்டாது. நிப்பிள் துவாரத்தால் ஊட்டப்படும் மருந்தோ, உள்ளே ஏற்கனவே எவ்வளவு கிடக்கிறது என்பதை அறியாமல் சேர்க்கப்படும் மருந்தாகிறது.

வெடிக்காமற் போன துவக்கில் முதலாவது செய்ய வேண்டியது ஒன்றும் செய்யாமல் நிற்பதே. ஈரமான மருந்து உள்ளுக்குள் கனன்று, தாமதித்துப் பற்றிக்கொள்ளக்கூடும். ஆகவே குழல் வாய் ஆளோ வீடோ மாடோ இல்லாத பக்கத்தைப் பார்த்தபடி, தோளிலிருந்து இறக்காமல், குறைந்தது இரண்டு நிமிடமாவது பொறுத்திருக்க வேண்டும். உடனே திருப்பி வாய்க்குள் எட்டிப் பார்ப்பதோ, நிப்பிளில் வாய் வைத்து ஊதிப் பார்ப்பதோ கூடாது. அதன் பின்னரே கேப்பை அகற்ற வேண்டும். கேப் இல்லாத துவக்கு பாதித் தூரம் பாதுகாப்பானது. மீதித் தூரம் மருந்தை நனைப்பதில் இருக்கிறது.

உள்ளே எதுவரை அடைபட்டிருக்கிறது என்பதை இடிகம்பியால் அளக்கலாம். கம்பியை முகமும் உடலும் குழல் வாய்க்கு நேரே வராதபடி பக்கவாட்டில் நின்று, உள்ளங்கையால் மூடிப் பிடிக்காமல் இரண்டு விரல்களால் மட்டும் பிடித்து மெதுவாக இறக்கி, நிற்குமிடத்தில் நகத்தால் அடையாளம் வைத்து வெளியே எடுத்து, அதே கம்பியைக் குழலின் வெளிப்புறத்தில் ஒட்டி வைத்துப் பார்க்க வேண்டும். கம்பி முனை நிப்பிள் இருக்கும் இடத்தை எட்டினால் குழல் வெறுமை. நாலு விரற்கடை குறைந்தால் வழக்கமான மருந்தும் சன்னமும் உள்ளே. முழங்கை அளவு குறைந்தால் அடைப்பு நடுவழியில் நிற்கிறது. துவக்கு நல்ல நிலையில் வெறுமையாக இருக்கும் ஒரு நாளில் கம்பியில் நிரந்தரமாக ஒரு கோடு வெட்டி வைத்துக்கொண்டால், இருட்டில்கூட விரலால் தடவி அறிந்துகொள்ளலாம்.

இனி நனைத்தல். இடியனில் இடும் கரிமருந்தில் நூற்றுக்கு 75 பங்கு அளவில் வெடியுப்பும், மீதி கரியும் கந்தகமுமாக இருக்கும். நீரில் கரைவது வெடியுப்பு. அது கரைந்த பிறகு எஞ்சிய இரண்டும் தாமாக வெடிப்பதில்லை. ஆதலால் நிப்பிள் துவாரத்தினூடாக ஊசி கழற்றிய சிரிஞ்சினால் தண்ணீரை ஏற்ற வேண்டும்; குழல் வாயினூடாகவும் ஊற்ற வேண்டும். இறுக்கமான தக்கையைத் தாண்டித் தண்ணீர் கீழே இறங்காது என்பதால், குழல் வாயால் ஊற்றியது மட்டும் போதுமென்று நம்பக் கூடாது. ஒரு தடவை ஏற்றிவிட்டு உடனே இழுக்கத் தொடங்காமல், மீண்டும் மீண்டும் ஏற்றி, ஓரிரவு ஊறவிடுவது நல்லது. எண்ணெய் விட்டால் போதும் என்பார்கள். எண்ணெய் துருவை இளக்கும், சிக்கியதை வழுக்கச் செய்யும். ஆனால் மருந்தைச் சாகடிக்கும் என்று நம்பிவிட முடியாது. அதைவிட முக்கியமானது, நனைத்த மருந்து காய்ந்தால் வெடியுப்பு மறுபடியும் படிந்து மருந்து உயிர்பெற்றுவிடும் என்பதே. போன மாரியில் தண்ணீர் ஊற்றிய துவக்குத்தானே என்று இந்த மாரியில் அடுப்படியில் வைத்துத் தட்டுகிறவர், மருந்துள்ள துவக்கைத்தான் தட்டுகிறார். தொடங்கிய வேலையை ஈரம் காயுமுன் முடித்துவிட வேண்டும்.

நனைந்த பின் வெளியே இழுப்பதற்கு, இடிகம்பியின் முனையில் பூட்டும் இரண்டு சிறிய கருவிகள் போதும். ஒன்று, சுருண்ட இரட்டைக் கொம்புபோன்ற சுருள்முனை. தும்பு, துணி, கடதாசி ஆகிய தக்கைகளைத் திருகிப் பற்றி இழுப்பதற்கு அது உதவும். மற்றது, மரத்திருகாணி போன்ற கூர்முனை. அது ஒற்றை ஈயக்குண்டில் ஏறிப் பிடித்து இழுக்கும். எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் ஒற்றைக் குண்டு இடுவதில்லை, சன்னமே இடுகிறார்கள். சன்னத்தில் திருகாணி பிடிக்காது. ஆகவே சுருள்முனையால் மேல்தக்கையை முதலில் எடுத்து, துவக்கைச் சரித்துச் சன்னத்தைக் கொட்டி, பிறகு உட்தக்கையை அதே சுருள்முனையால் எடுத்து, கடைசியில் கூழாகிப்போன மருந்தைச் சுடுதண்ணீரால் கழுவி வெளியேற்றுவதே ஒழுங்கு. திருகாணியைப் பயன்படுத்துவதானால், அது குழற் சுவரைக் கீறாமல் நடுவில் நிற்பதற்குக் குழலின் உள்ளளவுக்குப் பொருந்திய பித்தளை வளையமொன்று அதன் கழுத்தில் இருக்க வேண்டும். துவக்கை மர மேசையில் துணி சுற்றிய வைசில் பூட்டி, கம்பியின் கைபிடியைப் பக்கத்தில் நின்று ஒரே சீராக இழுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் கம்பிதான் முறியும், பிறகு அடைப்பு ஒன்றுக்கு இரண்டாகும்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊருக்கு மேற்கேயுள்ள வயல் வாடியொன்றில் இப்படி ஒன்றைப் பார்த்தேன். தக்கை பாதியில் நின்ற துவக்கை வைத்திருந்தவர், பழைய சைக்கிள் கம்பியைக் குழலுக்குள் விட்டுச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார். கேப் நிப்பிளிலேயே இருந்தது. அவருடைய பேரப்பிள்ளை குழல் வாய்க்கு நேரே குந்தியிருந்து, கம்பி இறங்குகிறதா என்று பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தது. பிள்ளையைத் தூக்கி அப்பால் விட்ட பிறகே கேப்பை எடுத்தேன். அன்று பின்னேரம் முழுவதும் தண்ணீர் ஏற்றி, மறுநாள் விடிய அவரே சுருள்முனையால் தக்கையை இழுத்தெடுத்தார். தக்கைக்குப் பின்னால், முன்னைய போகத்திலேயே இடப்பட்டு மறந்துபோன மருந்து கறுத்த சேறாக வந்தது. அடித்தால் தக்கை இளகாது, இன்னும் இறுகும். ஈயமாயின் அடியில் பரந்து குழற் சுவரை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். இரும்போடு இரும்பு உரசினால் பொறியும் பறக்கலாம். இவற்றை அவருக்குச் சொன்னேன். அவர் பிழையான மனிதரல்ல. கேட்பதற்கு ஆளில்லாமல் தெரிந்ததைச் செய்தவர்.

வேறு சில வழிகளையும் எங்கள் ஆட்கள் கையாள்வது எனக்குத் தெரியும். குழலை நெருப்பில் காட்டுவதும், வெல்டிங் கடையில் அடிப்பக்கத்தை வெட்டித் திறப்பதும், ட்ரில் போடுவதும் உள்ளிருக்கும் மருந்தைக் கொளுத்துவதற்குச் சமம். உதவிக்கு வந்த கடைக்காரரும் சேர்ந்தே பலியாவார். டயர் கடைக் கம்ப்ரசரால் காற்றடித்துத் தள்ளுவது பாதுகாப்பானதுபோல் தோன்றும். அடைப்பு விடுபடும் கணத்தில் அது தோட்டாவைப்போலவே பாயும். கிரீஸ் அடிக்கும் துப்பாக்கியின் முனையை நிப்பிளின் இடத்தில் பூட்டி, கிரீஸின் அழுத்தத்தால் மெல்ல மெல்ல முன்னே தள்ளும் முறையொன்று துவக்குத் திருத்துநரிடையே உண்டு. கிரீஸ் காற்றைப்போல் ஒடுங்கி விரிவதில்லை என்பதால் அடைப்பு பாயாமல் நகர்ந்தே வரும். ஆனால் அதற்குச் சரியான மரை பொருந்திய முனை வேண்டும், குழலின் பலம் அறிந்த ஆளும் வேண்டும்; வாடியில் செய்து பார்க்கும் வேலையல்ல. முறிந்த கம்பி, அடியில் துருவேறி ஒட்டிய குண்டு, எந்த மருந்து இடப்பட்டது என்று தெரியாத துவக்கு ஆகியவற்றையும் விவசாயி தொடக் கூடாது. யானை வெடியிலிருந்து எடுத்த மருந்து உள்ளே கிடக்கலாம் என்ற சிறு சந்தேகம் இருந்தாலும் கையை எடுத்துவிட வேண்டும்.

இவ்விடத்தில்தான் அனுமதியற்ற துவக்குகளின் பேச்சு வருகிறது. தண்ணீர்க் குழாயில் ஒட்டுப் போட்டு உள்ளூரில் செய்யப்பட்ட துவக்குகள் காட்டோரக் கிராமங்களில் இருக்கின்றன என்பது பொலிஸாரின் கைப்பற்றல் செய்திகளிலிருந்தே எல்லோருக்கும் தெரியும். அவற்றின் நிப்பிளைக் கழற்ற முடியாது. குழலின் உள்ளளவும் ஓரிடத்தைப்போல் இன்னோரிடத்தில் இராது. மேலே சொன்ன முறைகள் அவற்றுக்குப் பொருந்தா. அப்படியான துவக்கு அடைபட்டால் வைத்திருப்பவர் எங்கும் கொண்டுபோகவும் மாட்டார், யாரிடமும் சொல்லவும் மாட்டார். கூரை வளையில் செருகிவிட்டு, காலம் போகட்டும் என்று இருந்துவிடுவார். அதைக் கண்டெடுப்பது பெரும்பாலும் பிள்ளைகள். போருக்குப் பின்னர் எங்கள் பாடசாலைகளில் மிதிவெடி விழிப்பூட்டல் நடத்தியவர்கள், அறியாத பொருளைத் தொடாதே, இருந்த இடத்தில் விட்டுவிட்டு அறிவி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அறிவித்த வீட்டாரை யாரும் குற்றவாளியாகப் பார்க்கவில்லை, ஆகவே அறிவித்தார்கள். அடைபட்ட துவக்குக்கும் அதே வழியைத்தான் கேட்கிறேன். சட்டவிரோதச் சுடுகலன்களைக் கையளிப்பதற்கு அரசாங்கம் முன்னரும் பொதுமன்னிப்புக் காலங்களை அறிவித்திருக்கிறது. அவ்வாறான அறிவிப்புகளில், மருந்தோடு அடைபட்டிருக்கும் துவக்கைத் தூக்கிவராமலே அறிவிக்கலாம் என்ற ஒரு வரியையும் சேர்க்க வேண்டும்.

தூக்கிவராமல் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அனுமதிப்பத்திரம் உள்ளவரையும் சேர்த்தே சொல்கிறேன். அடைபட்ட துவக்கை நகரத்துக்குக் கொண்டுவா என்று ஓர் அலுவலகம் சொன்னால், அந்த மனிதர் அதைச் சாக்கில் சுற்றி மோட்டார் சைக்கிளின் குறுக்கே வைத்தோ, உழவு இயந்திரப் பெட்டியில் ஆட்களோடு ஆட்களாகப் போட்டோ, பஸ்ஸில் ஏற்றியோதான் கொண்டுவருவார். உன்னிச்சையிலிருந்தோ சாகாமத்திலிருந்தோ வரும் வீதியில் எத்தனை குழி என்பது தங்களுக்கும் தெரியும். நகர வேண்டியது துவக்கு அல்ல, அதை அறிந்த ஆள். ஆண்டுதோறும் அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும் காலத்தில், ஒவ்வொரு பிரதேச செயலகப் பிரிவுக்கும் சுடுகலன் திருத்தத்தில் பயிற்சி பெற்ற ஓர் உத்தியோகத்தர் ஒரு நாள் வந்து, குறித்த கமநல சேவை நிலையத்தில் இருந்து, அடைபட்டதாக அறிவிக்கப்பட்ட துவக்குகளை அவை இருக்கும் இடத்துக்கே போய்ப் பார்ப்பாரானால் பெருஞ்செலவு ஒன்றும் ஏற்படாது. சுருள்முனை, பித்தளை வளையத்தோடு திருகாணி முனை, நிப்பிள் சாவி, ஒரு சிரிஞ்சு ஆகியவையே அவர் கொண்டுவர வேண்டியவை. குழல் புடைத்ததாகவோ துரு அரித்ததாகவோ அவர் கண்டால், அத்துவக்கை மறுபடி பாவிக்க விடாமல் எழுதி ஒதுக்குவதும் அவர் பொறுப்பாக இருக்கலாம். அதைச் சில விவசாயிகள் விரும்பமாட்டார்கள். துவக்கை இழந்தவரின் வேளாண்மையைப் பன்றியிடமிருந்து காப்பதற்கு என்ன வழி என்று அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி, அதற்கு விவசாயத் திணைக்களமும் வனசீவராசிகள் திணைக்களமும் வேலி, மின்வேலி என்று பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் வரும்வரைக்கும் வெடிப்புள்ள குழலைத் தோளில் வைக்கச் சொல்வது பதிலாகாது.

அந்த உத்தியோகத்தர் வரும்வரை வீட்டார் செய்யக்கூடியது சொற்பம். கேப்பை எடுத்துவிட்டு, நிப்பிளால் தண்ணீர் ஏற்றி, குழல் வாய் மண் அணையைப் பார்த்தபடி துவக்கைப் பூட்டிய அறையில் படுக்க வைத்து, நாளாந்தம் தண்ணீர் ஏற்றிக் காயவிடாமல் வைத்திருப்பது போதும். மருந்து இட்டவர் யார், எப்போது, எவ்வளவு என்பதை ஒரு கடதாசியில் எழுதித் துவக்கில் கட்டிவிட வேண்டும். காயம் ஏற்பட்டுவிட்டால் இரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அம்புலன்ஸ் சேவையின் 1990 இலக்கத்துக்கு அழைக்க வேண்டும். வழக்குக்குப் பயந்து வீட்டு வைத்தியம் பார்த்து விரலையும் கண்ணையும் இழந்தவர்களைப் பற்றி இரு மாவட்டங்களிலும் எல்லோரும் அறிவர்.

அடைபடாமல் பார்த்துக்கொள்வது பற்றியும் சில வார்த்தைகள். சுட்ட அன்றே சவர்க்காரம் கலந்த சுடுதண்ணீரால் குழலைக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, மெல்லிதாக எண்ணெய் பூச வேண்டும். எண்ணெய் அதிகமாகி அடியில் தேங்கினால் அடுத்த மருந்தை அதுவே நனைத்துவிடும் என்பதால், மருந்து இடுமுன் உலர்ந்த துணியால் ஒருமுறை துடைத்தெடுக்க வேண்டும். மழையில் குழல் வாயை மூடி வைக்கும் பழக்கம் நல்லது. மூடியதை எடுக்க மறப்பதுதான் கெட்டது. காவல் முடிந்து விடியற்காலையில் வீடு திரும்புகிறவர் மருந்துள்ள துவக்கோடு வரக் கூடாது.

பெரும்போகத்துக்கான ஆரம்பக் கூட்டங்களில் விதைப்புத் திகதி, நீர் திறக்கும் திகதி, மாடு அகற்றும் திகதி, காப்புறுதி எல்லாம் பேசித் தீர்மானிக்கப்படுகின்றன. வட்டவிதானைமாரும் விவசாய அமைப்புகளின் தலைவர்களும் கமநல உத்தியோகத்தர்களும் பொலிஸாரும் ஒரே மண்டபத்தில் இருக்கும் அந்த நாளில், காவற்துவக்குகளைப் பார்வையிடும் திகதியும் பிரதேச வாரியாக அறிவிக்கப்பட வேண்டும் என்று மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் அரசாங்க அதிபர்களைத் தங்கள் பத்திரிகை மூலம் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உலோகவேலை ஆசிரியர் ஒருவர்,
திருக்கோவில்.